உடலைத் திருத்தும் முன் உள்ளத்தைக் கேளுங்கள்!

மனிதனை மிக அழகிய அமைப்பில் படைத்திருப்பதாக அல்லாஹுத்தஆலா தன் திருமறையின் 95ஆம் அத்தியாயமாகிய அத்தீனில் அறிவிக்கின்றான். நம் மக்தபுகளில் ஓதும் சின்னஞ்சிறு பிள்ளைகள்கூட அச்சூராவை மனனம் செய்து தொழுகையில் ஓதுகின்றனர். ஆயினும், அதனை ஓதி முடித்துத் தொழுகை விரிப்பை மடித்து வைத்த கையோடு நிலைக்கண்ணாடியின் முன் நின்று, இதுவும் ஒரு வயிறா, இதுவும் ஓர் இடுப்பா என்று தம்மைத் தாமே நொந்துகொள்வோர் நம் இல்லங்களில் இன்று பெருகி வருகின்றனர்.

உடலின் சில பகுதிகளில் சேர்ந்த கொழுப்பைக் குழாய்வழி உறிஞ்சி எடுப்பது, தொங்கிய வயிற்றுத் தோலை வெட்டிக் குறைத்துத் தைப்பது, ஓரிடத்துக் கொழுப்பை எடுத்து மற்றோரிடத்தில் ஏற்றுவது எனப் பலவகை அறுவைகள் இந்நாளில் நடைபெறுகின்றன. ஒரு காலத்தில் திரைப்பட நடிகையரைப் பற்றிய செய்தியாக மட்டும் இருந்த இவை, இன்று ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் இருக்கும் கைப்பேசியில் விளம்பரமாக வந்து நிற்கின்றன. முந்திரிக் காடுகளும் தறிச் சத்தமும் சூழ்ந்த எங்கள் ஜெயங்கொண்டத்திலும் இந்தப் பேச்சு வந்து சேர்ந்துவிட்டது.

சில மாதங்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் அமர்ந்திருந்தேன். வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருந்த சகோதரர் ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார். "ஹஜ்ரத், வயிற்றுக் கொழுப்பை எடுக்கும் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். கூடுமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். லீவில் இன்னும் இருபது நாள்தான் மீதி இருக்கிறது" என்றார்.

ஒரே வார்த்தையில் சொல்ல என் நா எழவில்லை. ஏனெனில், அவ்வாறு ஒரே வார்த்தையில் சொல்லி ஓர் உள்ளத்தை உடைத்தவன் நான்.

ஓர் இளைஞர் தந்த பாடம்

பல ஆண்டுகளுக்கு முன் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். ஆண்மகனாகிய அவருக்கு மார்பு பெண்களுக்கு இருப்பதுபோல் பருத்திருந்தது. குளத்தில் குளிக்கப் போகமாட்டார். கோடையிலும் இரண்டு சட்டை அணிவார். நண்பர்களின் கேலிக்கு அஞ்சிக் கல்லூரிக்குச் செல்வதையே நிறுத்தும் நிலையில் இருந்தார். அதனை அறுவை செய்து சரிசெய்துகொள்ளலாமா என்று தலை குனிந்தபடி கேட்டார். நான் ஒரு விநாடியும் யோசிக்கவில்லை. அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது ஹராம், உள்ளதைக் கொண்டு பொருந்திக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதன்பின் அவர் எங்கள் பள்ளிவாசலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

இதில் எனக்குப் பெரும் வெட்கம் தரும் செய்தி ஒன்று உண்டு. முஸ்லிம்கள் உலகுக்கு அளித்த கொடைகளைப் பற்றி மேடையில் பேசும்போதெல்லாம், ஸ்பெயின் நாட்டின் குர்துபா நகரை அடுத்து வாழ்ந்து 1013ஆம் ஆண்டில் மறைந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீயின் பெயரை நான் தவறாமல் சொல்வதுண்டு. முப்பது பகுதிகள் கொண்ட அவருடைய "அத்தஸ்ரீஃப்" என்னும் மருத்துவ நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய மருத்துவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் பாடநூலாக இருந்தது என்று பெருமை பேசுவேன். ஆனால் அந்நூலின் அறுவை மருத்துவப் பகுதியில், ஆண்களின் மார்பு பெண்களின் மார்பு போல் பருத்துவிட்டால் அதனைக் கீறிக் கொழுப்பை நீக்கித் தைக்கும் முறை விளக்கப்பட்டிருப்பதை நான் அறிந்திருக்கவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் மருத்துவர் நோயாகக் கண்டு மருந்து சொன்ன ஒன்றை, அவருடைய பெயரைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிய நான், ஒரே சொல்லில் தள்ளிவிட்டேன்.

பிற்காலத்தில் உண்மை தெரிந்தபோது அவரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். வேறோர் ஊரில் குடியேறியிருந்த அவர் என்னை மரியாதையுடன் அமர வைத்தார். "கூடாது என்று நீங்கள் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை ஹஜ்ரத். நான் என்ன பாடுபடுகிறேன் என்று நீங்கள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லையே, அதுதான் வருத்தம்" என்றார். அந்தச் சொல்லை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

ஆகவே, கூடும் கூடாது என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால், கேட்க வேண்டியவற்றைக் கேட்டும் ஆராய வேண்டியவற்றை ஆராய்ந்தும் முடிவுக்கு வருவதே அறிவுடைமை என்பதை வாசகப் பெருமக்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

தடையும் அனுமதியும்

இறைவனின் படைப்பை மாற்றும்படி மனிதர்களை ஏவுவேன் என்று ஷைத்தான் சூளுரைத்ததைத் திருக்குர்ஆனின் 4ஆவது அத்தியாயம் 119ஆவது வசனம் எடுத்துக்காட்டுகிறது. பச்சை குத்துவோரையும், புருவ முடியைப் பிடுங்குவோரையும், அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கிக்கொள்வோரையும் கண்டிக்கும் நபிமொழியை ஹஜ்ரத் அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். இவ்விரண்டையும் முன்வைத்தே, உடல் உறுப்பில் கைவைக்கும் எதனையும் நம்மில் பலர் தடுத்துப் பேசுகிறோம்.

எனினும், அந்நபிமொழியில் அழகுக்காக என்றொரு குறிப்பு இருப்பதை மறந்துவிடலாகாது. ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞரான இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முஸ்லிம் நபிமொழித் தொகுப்புக்கு எழுதிய விரிவுரையில் இக்குறிப்பைச் சுட்டிக்காட்டி, அழகை நாடிச் செய்வதே தடுக்கப்பட்டதென்றும், சிகிச்சைக்காகவோ பல்லில் உள்ள குறையை நீக்கவோ செய்வதில் குற்றமில்லையென்றும் விளக்கியுள்ளார்கள்.

இதற்குச் சான்றாக அர்ஃபஜா (ரலி) அவர்களின் நிகழ்ச்சியைக் காணலாம். குலாப் என்னும் போரில் மூக்கை இழந்த அவர்கள் வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார்கள். அதில் துர்நாற்றம் ஏற்படவே, தங்கத்தால் மூக்குச் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருந்தும், குறையையும் வேதனையையும் நீக்கும் தேவை வந்தபோது அதற்கே வழி திறக்கப்பட்டது. நம் மார்க்கம் மனிதனின் துன்பத்தைப் பாராமல் சட்டம் மட்டும் பேசும் மார்க்கமன்று.

2007ஆம் ஆண்டு ஜூலையில் மலேசியாவின் புத்ராஜாயா நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியின் 18ஆவது அமர்வு அழகு அறுவைகளைப் பற்றி விரிவாக ஆராய்ந்தது. பிறவிக் குறை, விபத்து, தீக்காயம், நோய் ஆகியவற்றால் வந்த சிதைவைச் சரிசெய்வதும், உடலுக்கோ மனத்துக்கோ வேதனை தரும் குறையை நீக்குவதும் ஆகும் என்றும், வெறும் ஆசைக்காகவும் பிறரைப் பார்த்துப் பின்பற்றுவதற்காகவும் உருவத்தை மாற்றுவது ஆகாது என்றும் அது முடிவு செய்தது. உடல் எடையைப் பொறுத்தவரை, எடை ஒரு நோயாகவே ஆகிவிட்டிருந்து, அறுவையன்றி வேறு வழியும் இல்லாமல், தீங்கு நேராது என்ற பாதுகாப்பும் இருக்குமானால், கொழுப்பை உறிஞ்சி எடுப்பது உள்ளிட்ட அறுவைக்கு அனுமதி உண்டென்றும் அறிவித்தது.

நம் நாட்டின் வரிச் சட்டமும் ஏறத்தாழ இதே கோட்டைக் கிழித்திருப்பது வியப்புக்குரியது. 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரியில் மருத்துவச் சேவைக்கு விலக்கு உண்டு. ஆனால் அழகு அறுவைக்கு அவ்விலக்கு இல்லை. பிறவிக் குறை, வளர்ச்சிக் கோளாறு, காயம் ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட உறுப்பைச் சீராக்கச் செய்யப்படும் அறுவைக்கு மட்டும் விலக்கு உண்டு. தேவை வேறு, ஆசை வேறு என்பதை வரி வாங்குவோரும் அறிந்திருக்கின்றனர்.

எது தேவை? எது ஆசை?

சொல்லளவில் இவற்றைப் பிரிப்பது எளிது; வாழ்க்கையில் பிரிப்பது கடினம். மூன்று பிள்ளைகளைப் பெற்ற தாயின் வயிற்றில் நடுத்தசைகள் விலகிப்போய், குனிந்து நிமிரும்போதெல்லாம் முதுகு வலிக்கலாம், குடலிறக்கமும் இருக்கலாம். மிகுந்த எடையை அரும்பாடுபட்டுக் குறைத்த ஒருவருக்குத் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கி, மடிப்புக்குள் வியர்த்துப் புண்ணாகி, ஒளுச் செய்து தொழுவதும் துன்பமாகலாம். இவர்களை நோக்கி, உங்களுக்கு அழகு கேட்கிறதா என்று பழிப்பது பெரும் அநீதி.

மறுபுறம், உடலில் எந்த நோயும் இல்லாத இருபது வயதுப் பெண், கைப்பேசியில் ஒளியாலும் கருவியாலும் திருத்தப்பட்ட படங்களைப் பார்த்துப் பார்த்து, தன் இடுப்பு அவ்வாறில்லையே என்று ஏங்கலாம். அவளுக்கு வேண்டியது வேறு மருந்து. இல்லாத குறையை இருப்பதாகவும், சிறு குறையை மலையாகவும் எண்ணி அதிலேயே மூழ்கிக் கிடப்பது ஒரு மனநோயென்று 1891ஆம் ஆண்டிலேயே மோர்செல்லி என்னும் இத்தாலிய மருத்துவர் விவரித்துள்ளார். அத்தகையோர் ஓர் அறுவை செய்துகொண்டால் அடுத்த குறையைத் தேடிச் செல்வர். உள்ளத்தின் காயத்தை உடலில் தைக்க முடியாது. ஆகவே நல்ல மருத்துவர் இவர்களை மனநல மருத்துவரிடம் அனுப்புவார்.

நான் மேலே சொன்ன இளைஞரின் குறையிலும் ஒரு நுட்பம் உண்டு. பருவ வயதுச் சிறுவர்களுக்கு வரும் மார்பு வீக்கம் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானே அடங்கிவிடும். சிலருக்கு வேறு மருந்துகளாலோ சுரப்பிக் கோளாறாலோ அது வருவதுண்டு. ஆகவே நிபுணரிடம் காட்டாமல் ஹராம் என்று விரட்டுவதும் தவறு. நேரே அறுவைக்கு ஓடுவதும் தவறு.

கத்தியைப் பற்றி அறிய வேண்டியவை

கொழுப்பை உறிஞ்சும் அறுவையைப் பற்றி மக்களிடம் பெரும் தப்பெண்ணம் நிலவுகிறது. அது எடையைக் குறைக்கும் சிகிச்சை என்றே பலர் நம்புகின்றனர். உண்மையில், எடை ஏறக்குறையச் சீராக இருந்து, ஓரிரு இடங்களில் மட்டும் கொழுப்புத் தேங்கி நிற்போரின் உருவத்தைச் சீர்படுத்தவே அது பயன்படும். தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பை மட்டுமே குழாய் உறிஞ்சும். குடலைச் சுற்றி உள்ளே படிந்து நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் துணைபோகும் கொழுப்பை அது தொடுவதில்லை. 2004ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் பருமனான 15 பெண்களுக்கு ஏறத்தாழ 10 கிலோ கொழுப்பை இம்முறையில் எடுத்து, சில வாரங்களுக்குப் பின் சோதித்தனர். இரத்த அழுத்தமோ, இன்சுலின் வேலைசெய்யும் திறமோ மேம்படவில்லை. நாவைக் கட்டாவிட்டால் எஞ்சிய கொழுப்பு மீண்டும் பெருக்கும் என்பதும் தெரிந்ததே.

இனி ஆபத்தைப் பற்றிச் சிறிது பார்ப்போம். 1920களில் பிரான்சு நாட்டில் நடனப் பெண் ஒருத்தியின் கால்களை மெலிய வைக்க டுஜாரியே என்னும் மருத்துவர் கொழுப்பைச் சுரண்டி எடுத்தார். இரத்தக்குழாய் காயமுற்று, அப்பெண் காலையே இழக்க நேர்ந்தது. அதன்பின் அரை நூற்றாண்டு கழித்து, 1970களில் இத்தாலியின் ஃபிஷரும் பிரான்சின் இல்லூஸும் மழுங்கிய குழாய்களால் உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தனர். 1980களில் அமெரிக்காவின் கிளைன் மரப்பு மருந்து கலந்த நீரைச் செலுத்தி இரத்தப்போக்கைக் குறைக்கும் முறையைக் கண்டார். இவற்றால் ஆபத்துக் குறைந்தது, அற்றுப்போகவில்லை. 1990களில் நடந்த அறுவைகளைக் கணக்கிட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒருவர் இறந்ததாகக் காட்டிற்று. காலிலுள்ள இரத்தநாளத்தில் கட்டி உண்டாகி நுரையீரலுக்குச் சென்று அடைப்பது அவற்றுள் முதற்காரணம். கொழுப்புத் துளி இரத்தத்தில் கலத்தல், குடல் துளைபடுதல், கிருமித் தொற்று, மரப்பு மருந்து அளவு மீறுதல் ஆகியவையும் உண்டு. பின்புறத்தைப் பெரிதாக்கக் கொழுப்பை ஏற்றும் அறுவையோ இன்னும் கொடியது. அதில் 3,000 பேருக்கு ஒருவர் வரை இறக்கக்கூடும் என 2017ஆம் ஆண்டின் ஆய்வொன்று மதிப்பிட்டது. அடுத்த ஆண்டே பிரிட்டன் நாட்டு அழகு அறுவை மருத்துவர் சங்கம் அதனைச் செய்ய வேண்டாமெனத் தன் உறுப்பினர்களுக்கு அறிவுறுத்தியது.

5,000 பேருக்கு ஒருவர்தானே என்று எண்ணலாம். உயிர் காக்கும் அறுவைக்கு அது சிறிய எண். ஆரோக்கியமான ஒருவர் தோற்றத்துக்காக ஏற்கும் அறுவைக்கு அது சிறிய எண்ணன்று. உங்களை நீங்களே அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்னும் கருத்தைத் திருமறையின் 2ஆவது அத்தியாயம் 195ஆவது வசனத்திலிருந்து நம் பெரியோர் எடுத்துரைப்பதை இங்கே நினைவுகூர வேண்டும்.

இரண்டு இறப்புகள்

2022ஆம் ஆண்டு மே மாதம் கன்னடத் தொலைக்காட்சி நடிகை சேத்தனா ராஜ், பெங்களூரின் தனியார் மருத்துவமனை ஒன்றில் கொழுப்பு நீக்கும் அறுவை செய்துகொண்டார். நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறி இறந்தார். வயது 21. தங்களுக்குத் தெரியாமல் அறுவைக்குச் சென்றுவிட்டாள் என்று பெற்றோர் கதறிய செய்தி நாளேடுகளில் வந்தது. இறந்தவரைக் குறைகூற இதனை எழுதவில்லை. வீட்டில் சொன்னால் தடுப்பார்கள் அல்லது கேலி செய்வார்கள் என்று ஒரு பிள்ளை அஞ்சினால், அந்த அச்சத்தில் வீட்டாருக்கும் பங்குண்டு என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

2024ஆம் ஆண்டு ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர், எடை குறைப்பதற்காகச் சென்னையை அடுத்த தனியார் மருத்துவமனை ஒன்றில் அறுவைக்குப் படுத்தார். அறுவையின்போதே நிலை மோசமாகி உயிரிழந்தார். அரசு விசாரணைக் குழு அமைத்தது. அம்மருத்துவமனையின் பதிவும் நிறுத்திவைக்கப்பட்டது. இது உருவத்தைச் சீர்படுத்தும் அறுவையன்று, உடற்பருமனுக்கான அறுவை. ஆயினும் பாடம் ஒன்றே. கத்தி பிடிப்பவர் யார் என்று மட்டுமன்றி, இதயமோ மூச்சோ தடுமாறினால் அந்த இடத்தில் காப்பாற்ற என்ன வசதி இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்தவர் விளைவுக்குப் பொறுப்பாளியாவார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். இந்நாளில் அழகு நிலையம் நடத்துவோர்கூட இயந்திரத்தை வைத்துக்கொண்டு விளம்பரம் செய்கின்றனர். எம்.பி.பி.எஸ். முடித்து, அறுவையில் மேற்படிப்பு முடித்து, அதற்கும் மேல் ஒட்டுறுப்பு அறுவையில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான பட்டம் பெற்றவரா என்று கேளுங்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் அவர் பெயர் பதிவாகியுள்ளதா, தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அந்த இடம் பதிவு பெற்றதா, மயக்க மருந்து நிபுணர் உடனிருப்பாரா, தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கேயே உண்டா என்றும் கேளுங்கள். கேட்பதால் மருத்துவர் கோபிப்பாரானால், அக்கோபமே உங்களுக்கு விடை. முதலில் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ தஞ்சை மருத்துவக் கல்லூரிக்கோ சென்று, பணம் வாங்காத ஒரு மருத்துவரின் கருத்தைக் கேட்டறிவது மிக நன்று.

இல்லத்தார் சிந்திக்க வேண்டியவை

முதலாவது, காலம். எடை சில மாதங்களாவது ஏறாமல் இறங்காமல் நிலைத்திருக்க வேண்டும். புகைப்பிடிப்பவர் அறுவைக்குச் சில வாரங்களுக்கு முன்பே அதனை விட்டொழிக்க வேண்டும். நீரிழிவு கட்டுக்குள் இருக்க வேண்டும். இனியும் பிள்ளைப்பேற்றை நாடும் தாய்மார்கள் வயிற்றுத் தோலைத் தைத்துக்கொண்டால், அடுத்த கருவிலேயே அது மீண்டும் விரிந்துவிடும். வளைகுடாவிலிருந்து ஒரு மாத விடுமுறையில் வந்து, அதற்குள் அறுவை முடித்து விமானம் ஏற எண்ணுவோர் சற்று நிதானிக்க வேண்டும். அறுவைக்குப்பின் பல மணி நேரம் அசையாமல் அமர்ந்து பயணம் செய்வது இரத்தக்கட்டிக்கு வழிவகுக்கும். புண் ஆறும் வாரங்களில் அறுவை செய்த மருத்துவரின் கண்பார்வையிலும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, மானம். உடலின் மறைவிடங்களைத் திறக்கும் அனுமதி தேவையின் அளவுக்கே தரப்பட்டுள்ளது. தேவை மெய்யானால் அனுமதியும் மெய். தேவை பொய்யானால் அனுமதியும் பொய். பெண்களுக்குத் தகுதியுள்ள பெண் மருத்துவரை முதலில் நாடுவது நம் சட்டநூலோர் காட்டிய வரிசை. அறுவைக்கு முன்னும் பின்னும் நிழற்படம் எடுப்பது இச்சிகிச்சையில் வழக்கம். அப்படங்கள் மருத்துவக் குறிப்போடு நிற்குமா, விளம்பரத்துக்குப் போகுமா என்பதை ஒப்புதல் படிவத்தில் படித்துப் பார்த்தே கையொப்பமிட வேண்டும். படிக்காமல் இட்ட ஒரு கையெழுத்தால் ஒரு குடும்பப் பெண்ணின் மானம் ஊரெங்கும் உலவிவிடலாம்.

மூன்றாவது, வணக்கம். அறுவைக்குப் பின் நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை இறுக்கமான கட்டாடை அணிய நேரும். குனியவும் ஸஜ்தாச் செய்யவும் இயலாத நாட்கள் இருக்கும். அமர்ந்தோ சைகையாலோ தொழ அனுமதி உண்டு. கட்டின்மீது மஸ்ஹுச் செய்வது, தயம்மும் ஆகியவற்றில் மத்ஹபுகளுக்கிடையே விவர வேறுபாடு இருப்பதால், உங்கள் ஊர் ஆலிமிடம் முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நோயாளிக்குத் தந்த இச்சலுகையை ஆசைக்காக நாமே வலிந்து வரவழைத்துக்கொள்கிறோமா என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

நான்காவது, பொருள். ஆசைக்கான அறுவைக்குக் காப்பீட்டுத் திட்டங்கள் பொதுவாகக் கைகொடுப்பதில்லை. வட்டிக் கடனும் தவணைத் திட்டமும் மருத்துவமனை வாசலிலேயே காத்திருக்கின்றன. அழகைத் தேடி வட்டியில் விழுவது, மண்ணைத் துடைக்கச் சேற்றில் இறங்குவது போன்றதாகும். கொடுக்க வேண்டிய கடன், ஜக்காத், பிள்ளைகளின் படிப்பு ஆகியவை நிலுவையில் நிற்க, இடுப்பளவைக் குறைக்கச் செலவிடுவது வரம்பு மீறல் அன்றோ?

நாவும் ஒரு கத்தியே

இவை யாவற்றினும் பெரிதாக நான் கருதுவது ஒன்றுண்டு. அறுவையை நாடி வருவோரில் பலர், கண்ணாடியைப் பார்த்து வந்தவர் அல்லர். பிறர் நாவால் அறுபட்டு வந்தவர்கள். ஒருவரையொருவர் கேலி செய்வதையும் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் திருமறையின் 49ஆவது அத்தியாயம் 11ஆவது வசனம் தடுத்துள்ளது. ஆனால் நம் வீடுகளில் குண்டு, பூசணி, யானைக்குட்டி என்ற பெயர்கள் பாசத்தின் பெயரால் வழங்குகின்றன. பெண்பார்க்கப் போகும் இடத்தில் மார்க்கப் பற்றைக் கேட்பதற்கு முன் உடல் எடையைக் கேட்கிறோம்.

பெருமானார் (ஸல்) அவர்களின் இல்லம் எவ்வாறு இருந்தது? அன்னை சவ்தா (ரலி) அவர்கள் பருத்த உடலினர். விரைந்து நடக்க இயலாதவர். ஹஜ்ஜின்போது முஸ்தலிஃபாவிலிருந்து கூட்டம் நெருக்கும் முன்பே புறப்பட அவர்கள் அனுமதி கேட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் மனமுவந்து அனுமதித்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மெலிந்திருந்த காலத்தில் நாயகத்துடன் ஓட்டப்போட்டியில் வென்றார்கள். பின்னர்ச் சதைபோட்ட காலத்தில் தோற்றார்கள். அப்போது நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்துக்கொண்டே, இது அதற்கு ஈடு என்னும் பொருள்படக் கூறினார்கள். அந்தச் சிரிப்பு மனைவியோடு சேர்ந்து சிரித்த சிரிப்பு. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்தபோதோ, மறுமையின் தராசில் அக்கால்கள் உஹது மலையினும் கனமானவை என்று நபி (ஸல்) அவர்கள் திருத்தினார்கள். அழகுக்காக உருவத்தை மாற்றுவதைக் கண்டிக்கும் நபிமொழியை நமக்கு எடுத்துச் சொன்னவரே, தம் உருவத்துக்காகச் சிரிக்கப்பட்டவர் என்பதை எண்ணிப் பாருங்கள்!

அதற்காக உடலைப் பேணாதிருக்கச் சொல்லவில்லை. உடலுக்கு நம்மீது உரிமையுண்டு என்பதும், வயிற்றில் மூன்றிலொரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கைத் தண்ணீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் விட வேண்டும் என்பதும் நபிவழியே. வலீமா விருந்தில் பிரியாணியை மலையாகக் குவித்து உண்டுவிட்டு, மறுநாள் உறிஞ்சு குழாயைத் தேடுவது எந்த வழி? மனைவி தமக்காக அலங்கரித்துக்கொள்வதை விரும்புவது போலவே தாமும் மனைவிக்காகத் தம்மை அலங்கரித்துக்கொள்ள விரும்புவதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறினார்கள். ஆகவே மனைவியின் இடுப்பை அளக்கும் கணவர், முதலில் தம் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொள்வது நன்று.

வளைகுடாச் சகோதரரிடம் இவற்றையெல்லாம் பேசிவிட்டு, கடைசியாக ஒன்று கேட்டேன். "உங்கள் வீட்டில் இந்த எண்ணம் எப்போது வந்தது, கேட்டீர்களா?" அவர் விடை சொல்லாமல் எழுந்து சென்றார். நான்கு நாள் கழித்து வந்தார். போன ஆண்டு கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசும்போது தாம் விளையாட்டாகச் சொன்ன ஒரு சொல் அம்மையாரின் நெஞ்சில் தைத்திருந்ததாம். அன்று முதல் உணவைக் குறைத்து, உறக்கமும் குறைந்திருந்தாராம். "நான் சொன்னது எனக்கே மறந்துவிட்டது ஹஜ்ரத், அவர் மறக்கவில்லை" என்றபோது அவர் குரல் தழுதழுத்தது. தம்பதியர் இருவருமாக மருத்துவரைக் கண்டனர். பிள்ளைப்பேற்றினால் வயிற்றுத் தசை விலகியிருப்பது உண்மையே. முதலில் பயிற்சி செய்யட்டும், ஓராண்டு கழித்தும் வலி தீராவிட்டால் அறுவையைப் பற்றி யோசிக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அப்போது தேவையென்றால் செய்துகொள்ளட்டும். அதில் மார்க்கம் குறுக்கே நிற்காது. அன்று அவர் தேவைக்காகவே அதனைச் செய்துகொள்வார். ஒரு சொல்லின் காயத்துக்காக அல்ல.

அன்பார்ந்த தாய்மார்களே, சகோதரர்களே! உங்கள் வீட்டில் எவரேனும் இவ்வறுவையைப் பற்றிப் பேச்செடுத்தால் சீறாதீர்கள், சிரிக்காதீர்கள். அருகில் அமர்த்தி, உனக்கு எங்கே வலிக்கிறது என்று முதலில் கேளுங்கள். உடல் வலியானால் தக்க மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உள்ளத்தின் வலியானால், அதனைத் தந்தவர் யாரென்று பாருங்கள். அது நாமாகவே இருக்கக்கூடும்.

நம் உருவங்களையும் செல்வங்களையும் பாராமல் நம் உள்ளங்களையும் செயல்களையும் பார்க்கும் வல்ல இறைவன், நம் உடல்களுக்கு நலத்தையும், நம் நாவுகளுக்கு நிதானத்தையும், நம் இல்லங்களுக்கு அன்பையும் அருள்வானாக! ஆமீன்.